மீசை ஒன்று, மனிதர் இருவர்

ஆள்மாறாட்டம் நாடகக் கலையின் மிகப் பழைய உத்திகளுள் ஒன்று. கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த உரோம நாடகாசிரியர் புளோட்டஸ், உருவத்தில் வேறுபாடு காண முடியாத இரட்டைச் சகோதரரை ஒரே நகரத்தில் உலவ விட்டார். ஒருவனுக்கென்று சமைத்த விருந்தை மற்றவன் உண்டு செல்ல, பழி முதலாமவன் தலையில் விழுந்தது, அவையோர் சிரித்தனர். ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகள் கழித்து ஷேக்ஸ்பியர் அதே கதையை எடுத்தாண்டு, எசமானர் இருவரோடு அவர்தம் வேலைக்காரர் இருவரையும் இரட்டையராக்கினார். குழப்பம் இருமடங்காயிற்று, சிரிப்பும் அவ்வாறே. இத்தகைய கதைகளுக்கு ஒரு மரபு உண்டு. கதைமாந்தர் அறியாத உண்மையைப் பார்ப்போர் முன்னரே அறிந்திருப்பர். குழப்பம் தொடக்கத்திலேயே தலைகாட்டிவிடும். இறுதியில் உருவ ஒற்றுமையுடைய இருவரும் நேருக்கு நேர் நிற்பர், யாவரும் வியப்பர், நாடகம் இனிது முடியும்.

1940ஆம் ஆண்டில் சார்ளி சப்ளின் வெளியிட்ட ‘த கிரேட் டிக்டேட்டர்’, அதாவது ‘மகா சர்வாதிகாரி’ என்னும் ஹொலிவூட் திரைப்படமும் ஆள்மாறாட்டக் கதையே. ஆனால் அது இம்மரபை ஏறக்குறைய முழுவதும் மீறுகிறது. ஒரு நாட்டின் சர்வாதிகாரியும், அதே நாட்டில் யூதர் குடியிருப்பில் வாழும் ஏழை நாவிதரும் ஒரே முகமும் ஒரே மீசையும் உடையவர்கள். இரு பாத்திரங்களையும் சப்ளினே ஏற்று நடித்தார். எனினும் அவ்விருவரும் படத்தில் ஒருமுறையேனும் சந்திப்பதில்லை. படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடுகிறது. அதன் பெரும்பகுதி கழியும்வரை ஒருவரை மற்றவரென்று எவரும் மயங்குவதுமில்லை. குடியிருப்பில் வாழும் மக்கள் நாள்தோறும் சர்வாதிகாரியின் பெயரால் துன்புறுகின்றனர். அவருடைய படையினர் நாவிதரின் கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போது, அந்த முகத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் காண்கின்றனர். இம்முகம் தலைவரின் முகத்தைப் போன்றிருக்கிறதே என்று ஒருவராவது வாய்திறப்பதில்லை.

இதைக் கதையமைப்பின் குறையென்று ஒருவர் கருதலாம். படத்தைக் கூர்ந்து நோக்கினால் இதுவே அதன் உயிர்நிலை என்பது புலப்படும். மனிதர் மனிதரைப் பார்க்கும்போது முகத்தையா பார்க்கின்றனர், உடுப்பையா பார்க்கின்றனர் என்னும் வினாவே படம் முழுவதிலும் ஓடுகிறது.

சப்ளினின் மீசை ஹிட்லரின் மீசைக்கு முந்தியது என்பது பலருக்கும் வியப்பளிக்கும். 1914இல் அவர் நாடோடி வேடத்தை முதன்முதலாகப் புனைந்தபோது, தொளதொளத்த காற்சட்டை, இறுக்கமான மேலங்கி, சிறிய தொப்பி, பெரிய சப்பாத்து ஆகியவற்றோடு ஒரு சிறு மீசையையும் ஒட்டிக்கொண்டார். வயதைச் சற்றுக் கூட்டிக் காட்ட வேண்டும். ஆயினும் முகபாவம் மறையக் கூடாது என்பதே அவருடைய நோக்கம். அந்த மீசை உலகம் எங்கும் சிரிப்பின் சின்னமாய் விளங்கிய பின்னரே, அதே வடிவ மீசை ஜேர்மனியில் அச்சத்தின் சின்னமாயிற்று. இருவர் பிறப்பிலும் ஓர் அண்மை இருந்தது. சப்ளின் 1889 ஏப்ரல் 16ஆம் திகதியும், ஹிட்லர் அதே மாதம் 20ஆம் திகதியும் பிறந்தனர். இளமையில் இருவரும் வறுமையை அறிந்தவர்கள். 1937இல் திரைப்படத் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா, மீசை ஒற்றுமையை வைத்து ஹிட்லரைப் பற்றி ஓர் ஆள்மாறாட்டக் கதை எடுக்கலாமே என்று தமக்குச் சொன்னதாகச் சப்ளின் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார்.

உண்மையில், திரைக்கு வருமுன்னரே சப்ளினின் வாழ்வில் ஓர் ஆள்மாறாட்டம் நிகழ்ந்திருந்தது. 1931இல் அவர் பேர்லின் நகருக்குச் சென்றபோது பெருங்கூட்டம் திரண்டு வரவேற்றது. நாஜிப் பத்திரிகைகளோ அவரைத் தூற்றின. பின்னர் நாஜிகள் வெளியிட்ட நூலொன்று அவரை அருவருக்கத்தக்க யூதரென்று படத்துடன் காட்டியது. சப்ளின் யூதர் அல்லர். அல்லர் என்று ஒரு வரி மறுப்பு எழுதியிருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும். அவர் அதனைச் செய்ய விரும்பவில்லை. மறுத்தால், யூதராயிருப்பது ஏதோ குற்றமென்று தாமும் ஒப்புக்கொண்டதாக ஆகும் என்பது அவர் நிலைப்பாடு. பிறர் தவறாகச் சூட்டிய அடையாளத்தை வேண்டுமென்றே கழற்றாமல் விட்ட ஒருவர், யூத நாவிதராக நடித்தார் என்பதை மனத்திற் கொண்டு படத்தைப் பார்த்தல் நன்று.

அக்காலத்து ஜேர்மனியில் அடையாளம் என்பது சிரிப்புக்குரிய பொருளாக இருக்கவில்லை. 1933 ஏப்ரல் முதலாம் திகதி யூதருடைய கடைகளைப் பகிஷ்கரிக்கும்படி நாஜிகள் கட்டளையிட்டு, கடைக் கண்ணாடிகளில் அறுகோண நட்சத்திரத்தையும் ‘யூதன்’ என்னும் சொல்லையும் வண்ணத்தால் தீட்டினர். 1938இல் யூதரின் கடவுச்சீட்டுகளிற் சிவப்பு எழுத்தொன்று பொறிக்கப்பட்டது. அதே ஆண்டு வந்த மற்றொரு கட்டளை, யூதப் பெயரென்று அரசு ஏற்ற பெயரில்லாத யூத ஆண்கள் ‘இஸ்ரேல்’ என்றும் பெண்கள் ‘சாரா’ என்றும் மேலதிகப் பெயரொன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென விதித்தது. படம் வெளிவந்ததற்கு மறு ஆண்டு, 1941 செப்டெம்பரில், ஜேர்மனியில் வாழ்ந்த யூதர் மஞ்சள் நட்சத்திரத்தை உடையில் தைத்துக்கொள்ள வேண்டுமென்ற கட்டளை வந்தது. அடுத்த வீட்டுக்காரர், ஒன்றாய்ப் படித்தவர், உலகப்போரில் ஒரே பதுங்குகுழியில் நின்றவர் யாவரும் முகத்தைக் கண்டு இனங்காண முடியாதவர்களாக இருந்தமையாலேயே துணியும் மையும் தேவைப்பட்டன. முகங்கள் உண்மையிலேயே வேறுபட்டவையாக இருந்திருப்பின், நட்சத்திரம் எதற்கு?

இந்தப் பொருளை நகைச்சுவையாக்கத் துணிந்தவருக்குத் தொடக்கத்தில் ஆதரவு கிட்டவில்லை. பிரித்தானிய அரசு அப்போது ஹிட்லருடன் இணக்கம் பேணும் கொள்கையிலிருந்தது. படத்தை அங்கே காட்ட முடியாது போகலாம் என்ற எச்சரிக்கை வந்தது. தணிக்கையாற் சிக்கல் நேருமெனப் பட விநியோக நிறுவனத்தார் கவலைப்பட்டனர். சப்ளின் படத்துக்கு வேண்டிய பணம் முழுவதையும் தாமே போட்டார்; செலவு ஏறத்தாழ இருபது லட்சம் டொலர். 1939 செப்டெம்பர் முதலாம் திகதி ஜேர்மனி போலந்தின்மேற் படையெடுத்தது. மூன்றாம் திகதி பிரித்தானியா போர் அறிவித்தது. சில நாட்களுள் சப்ளின் படப்பிடிப்பைத் தொடங்கினார். வேண்டாம் என்று சொன்ன இடங்களிலிருந்தே, விரைந்து முடித்துத் தாருங்கள் என்று செய்தி வரலாயிற்று என்பது அவர் கூற்று. 1940 ஒக்டோபர் 15ஆம் திகதி நியூ யோர்க்கிலும், அவ்வாண்டு டிசம்பரில், குண்டுவீச்சுக்கு இடையே, லண்டனிலும் படம் திரையிடப்பட்டது.

கதை முதலாம் உலகப்போரின் இறுதியில், 1918இல், தொடங்குகிறது. கற்பனை நாடான டொமேனியாவின் படையில் நாவிதர் ஒரு சாதாரணச் சிப்பாய். காயமுற்ற விமானி ஷூல்ட்ஸ் என்பாரைக் காப்பாற்றி, அவருடன் விமானத்திற் பறக்கிறார். விமானம் தலைகீழாய்ப் பறப்பதை இருவரும் உணர்வதில்லை. சட்டைப்பையிலிருந்து கடிகாரம் சங்கிலியோடு மேலெழுந்து நிற்கிறது. சூரியன் கீழே தெரிகிறதே என்று திகைக்கின்றனர். உலகம் தலைகீழாகிவிட்டதை அறியாமற் பயணஞ் செய்யும் இக்காட்சி, பின்னர் வருவதற்கெல்லாம் முன்னுரை போன்றது. விமானம் விழுகிறது, நாவிதர் நினைவிழந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகளை மருத்துவமனையிற் கழிக்கிறார். சில வாரங்களே சென்றன என்ற எண்ணத்துடன் தம் கடைக்குத் திரும்புகிறார். சிலந்தி வலையைத் துடைக்கிறார். வெளியே சீருடை அணிந்த ஒருவன் கண்ணாடியில் ‘யூதன்’ என்று எழுதுகிறான். நாவிதர் ஓர் ஈரத் துணியை எடுத்து வந்து அதையும் துடைக்கத் தொடங்குகிறார். அச்சத்தை இன்னும் கற்றுக்கொள்ளாதவர் ஆதலின், அவர் கண்ணுக்கு அது கண்ணாடியிற் பட்ட அழுக்கு. படத்தின் மிகச் சிறந்த நகைச்சுவை இதுவென்று சொல்லலாம். பார்ப்போருக்குச் சிரிப்பு வரும் அதே கணத்தில் நெஞ்சு திடுக்கிடுகிறது.

மறுபுறத்தில் சர்வாதிகாரி ஹின்கல் இருக்கிறார். பெயர்களிலேயே விளையாட்டு தொடங்குகிறது. பிரசார மந்திரியின் பெயர் ஆங்கிலத்திற் குப்பை எனும் சொல்லை ஒலிக்கிறது. போர் மந்திரியின் பெயர் ஒரு மீனினுடையது. நட்பு நாடான பக்டீரியாவின் தலைவர் நப்பலோனி, முசோலினியும் நெப்போலியனும் கலந்த பெயருடையவர். கட்சிச் சின்னம் இரண்டு பெருக்கற் குறிகள். அச்சின்னத்தை ஆங்கிலத்திற் படித்தால் நம்பியவரை ஏமாற்றுதல் என்னும் பொருள் தரும் மரபுத்தொடர் கிடைக்கும்.

ஹின்கலின் பகுதியிலுள்ள சிரிப்புகளுட் பல உடுப்பைச் சுற்றியே அமைந்திருப்பதை நேயர்கள் அடுத்தமுறை படம் பார்க்கும்போது கவனிக்கலாம். விஞ்ஞானி ஒருவர் துப்பாக்கிக் குண்டு துளைக்காத உடையைக் கண்டுபிடித்து, தாமே அணிந்து வந்து நிற்கிறார். ஹின்கல் சுடுகிறார், மனிதர் விழுந்து இறக்கிறார், உடை குறையுடையது என்ற ஒரு சொல்லுடன் ஹின்கல் அடுத்த அலுவலுக்குச் செல்கிறார். பின்னொரு காட்சியிற் போர் மந்திரிமீது கோபங்கொண்டு, அவர் மார்பிலுள்ள பதக்கங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார். பதக்கம் தீர்ந்ததும் பொத்தான்களைப் பிடுங்குகிறார். எஞ்சி நிற்பவர் பருத்த, பயந்த ஒரு மனிதர் மட்டுமே. நப்பலோனி விருந்தாளியாக வரும்போது, இரு தலைவர்களும் சவரத்துக்கான நாற்காலிகளில் அமர்கின்றனர். எவர் உயரத்தில் இருப்பது என்ற போட்டியில், இருவரும் நெம்புகோலை இழுத்து இழுத்துக் கூரையை முட்டும்வரை எழுகின்றனர். நாவிதர் நாற்காலி என்பது தற்செயலன்று; ஏழையின் பிழைப்புக் கருவி அரண்மனையில் அகந்தையின் ஏணியாகிறது. இவ்விருவரும் உணவை எறிந்து சண்டையிடும் காட்சி மட்டும் நீண்டுவிட்டது என்றே சொல்ல வேண்டும். பழைய ஊமைப்படங்களின் ஞாபகத்தில் சப்ளின் அங்கே சற்றுத் தங்கிவிட்டார்.

இரண்டு காட்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றை ஒன்றாகவே எண்ண வேண்டும். முதலாவதில், உலகை ஆளப்போகிறோம் என்ற மயக்கத்தில் ஹின்கல் தம் அறையிலுள்ள பூகோள உருண்டையைக் கையில் எடுக்கிறார். அது காற்றடைத்த பலூன். விரலில் ஏந்தி, தலையால் முட்டி, பின்புறத்தால் மேலே எத்தி நடனமாடுகிறார். பின்னணியில் வாக்னர் இயற்றிய ‘லோகன்கிரின்’ இசைநாடகத்தின் முன்னிசை மிக மென்மையாய் ஒலிக்கிறது. நடனத்தில் அழகுண்டு, அதுவே பயங்கரம். ஈற்றில் பலூன் வெடிக்கிறது. சர்வாதிகாரி குழந்தைபோல் விம்முகிறார். உடனே காட்சி நாவிதர் கடைக்கு மாறுகிறது. வானொலியில் பிராம்ஸின் ஹங்கேரிய நடன இசை, ஐந்தாம் இலக்கம், ஒலிக்க, நாவிதர் அதன் தாளத்துக்கு இம்மியும் பிசகாமல் ஒருவருக்குச் சவரம் செய்கிறார். கத்தி தீட்டுவதும் நுரை பூசுவதும் மழிப்பதும் இசையோடு இசைந்து செல்கின்றன. ஒரே நடிகர், ஒரே முகம், இரண்டிலும் நடனம். ஒருவர் கையில் உலகம் இருக்கிறது, அது உடைந்துபோகிறது. மற்றவர் கையில் கூரிய கத்தியும் இன்னொருவரின் கழுத்தும் இருக்கின்றன. சிறு கீறலும் படாமல் வேலை முடிகிறது. பதினைந்து சதம் கூலி பெறுகிறார்.

சப்ளின் முழுமையாகப் பேசிய முதற் படமும் இதுவே. 1927இல் பேசும்படம் வந்த பின்னும் ஒன்பது, பத்து ஆண்டுகள் அவர் தம் நாடோடியைப் பேச விடவில்லை. பேச நேர்ந்தபோது முதலிற் பெரும் குரலெடுத்தவர் ஹின்கல். அவருடைய சொற்பொழிவு ஜேர்மன் மொழி போலத் தோன்றும். ஆனால் மொழியே அன்று. இருமலும் உறுமலும் உணவுப் பண்டங்களின் பெயர்களுமாய்க் கலந்த ஓசை அது. அக்குரலின் வேகந் தாளாது ஒலிவாங்கிகளே பின்னோக்கி வளைகின்றன. மொழிபெயர்ப்பாளரோ, நீண்ட வசைமாரிக்குப் பின் சாந்தமாக ஒரு வரி சொல்கிறார். பின்னொரு நாள் அக்குரல் வீதியிலுள்ள ஒலிபெருக்கி வழியாக யூதர் குடியிருப்பில் விழுகிறது. மாலை உலாவுக்குப் புறப்பட்ட நாவிதரும் அவர் அன்புக்குரிய ஹன்னாவும் அப்படியே நிற்கின்றனர். வீதி வெறிச்சோடுகிறது. ஒரு சொல்லும் விளங்காவிடினும் அதன் கருத்து யாவருக்கும் விளங்குகிறது. நாவிதர் ஒரு பீப்பாய்க்குட் பாய்ந்து ஒளிகிறார். வானொலி யுகத்தின் அச்சத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய படம் வேறு உண்டோ என்பது ஐயமே. முகம் தெரியாத ஒரு குரல், ஓர் ஊர் முழுவதையும் வீட்டுக்குள் ஓடச் செய்கிறது.

இனி ஆள்மாறாட்டத்துக்கு வருவோம். ஹின்கலின் கொடுமையை எதிர்த்துப் பேசிய ஷூல்ட்ஸ், நாவிதருடன் சேர்த்துச் சித்திரவதை முகாமில் அடைக்கப்படுகிறார். இருவரும் படையதிகாரிகளின் சீருடையைத் திருடி அணிந்து தப்புகின்றனர். அதே வேளையில் ஹின்கல், ஒஸ்டர்லிச் என்ற அயல்நாட்டின்மேற் படையெடுக்கும் திட்டத்தை மறைப்பதற்காக, வேட்டைக்காரர் உடையில் தனியே வாத்துச் சுடப் போகிறார். படகு கவிழ்கிறது. நனைந்து கரையேறிய அவரை, தப்பிய கைதியைத் தேடி வந்த அவருடைய படையினரே அடித்துப் பிடித்துக்கொண்டு போகின்றனர். சில மைல் அப்பால், சீருடை அணிந்த நாவிதரைக் கண்ட படையினர் விறைத்து நின்று வணக்கஞ் செலுத்துகின்றனர்.

எவர் முகமும் மாறவில்லை. மாறியது உடுப்பு ஒன்றே. முகாமில் இருந்தபோது ஹின்கலின் முகம் நாவிதருக்கு ஒரு நன்மையும் செய்யவில்லை. அம்முகம் உடையவரே தலைவர் என்றால், சீருடையின்றி ஆற்றங்கரையில் நின்ற தலைவரையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். வணங்கியவர்கள் வணங்கியது சீருடையை. அடித்தவர்கள் அடித்ததும் சீருடை இல்லாமையை. புளோட்டஸின் இரட்டையர் கதையில், முகம் ஒன்றாயிருப்பதால் குழப்பம் பிறக்கிறது. சப்ளினின் கதையில், முகத்தை எவரும் ஒருபோதும் பார்க்கவில்லை என்பதால் குழப்பம் பிறக்கிறது. படத்தின் தொடக்கத்தில், சர்வாதிகாரிக்கும் நாவிதருக்கும் காணப்படும் ஒற்றுமை முற்றிலும் தற்செயலானது என்ற கருத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது. சட்டத்துக்கு அஞ்சிப் படங்களிற் போடும் வழக்கமான வாசகத்தைக் கேலி செய்வதாகவே அது முதலில் தோன்றும். இக்கட்டத்துக்கு வந்தபின் அது கேலியன்று என்பது விளங்கும்.

ஒஸ்டர்லிச் என்பது 1938 மார்ச்சில் ஹிட்லர் கைப்பற்றிய ஒஸ்திரியாவே. வென்ற நாட்டில் மாபெரும் மேடை, எண்ணற்ற படைவரிசை, ஒலிவாங்கிகள். பிரசார மந்திரி, சுதந்திரம் என்பது பழைய மூடநம்பிக்கை என்ற பாங்கில் முன்னுரை வழங்கி, தலைவரைப் பேச அழைக்கிறார். நாவிதர் அசையாது அமர்ந்திருக்கிறார். பேசத்தான் வேண்டும், அதுவே தப்பும் வழி என்கிறார் ஷூல்ட்ஸ். நாவிதர் எழுகிறார். தமக்குச் சக்கரவர்த்தியாக விருப்பமில்லை என்று தாழ்ந்த குரலில் தொடங்கி, இயந்திரங்களை விட மனிதத்தன்மையே வேண்டியதென்றும், படைவீரர் அடிமைத்தனத்துக்காகப் போரிடலாகாதென்றும் பேசிச் செல்கிறார். குரல் மெல்ல மெல்ல உயர்கிறது. கமெரா அவர் முகத்தை விட்டு அகல்வதில்லை.

இந்தப் பேச்சு அன்றே கண்டனத்துக்கு உள்ளாயிற்று. நகைச்சுவைப் படத்தின் முடிவில் பிரசங்கம் எதற்கு என்று விமர்சகர் சிலர் கேட்டனர். பட விற்பனையாளரும், இது வருவாயைக் குறைக்கும் என்று சப்ளினை எச்சரித்தனராம்; அவர் இணங்கவில்லை. படைவீரர் ஆயுதங்களை எறிந்துவிட்டு நடனமாடுவதாக வேறொரு முடிவும் முன்னர் எண்ணப்பட்டிருந்தது. அப்படப்பிடிப்பின் ஒரு பகுதியைச் சப்ளினின் சகோதரர் சிட்னி வண்ணப்படச் சுருளிற் பிடித்தது பிற்காலத்தில் வெளிவந்தது. கண்டனத்தில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. பீப்பாய்க்குள் ஒளிந்த அந்த எளிய நாவிதர் இப்படிப் பேசக்கூடியவர் அல்லர். கலை நியதிப்படி அது பிழை. ஆனால் உற்று நோக்கினால், மேடையில் நிற்பவர் நாவிதரும் அல்லர், ஹின்கலும் அல்லர். தலைமயிர் நரைத்த, ஐம்பது வயதை எட்டிய சப்ளின், இரண்டு வேடங்களையும் கழற்றிவிட்டுத் தாமாகவே நிற்கிறார். படத்தின் மூன்றாவது ஆள்மாறாட்டம் இது. முதல் இரண்டும் சிரிப்புக்காக நிகழ்ந்தவை. இதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. பேச்சின் முடிவிற் கேட்கும் முழக்கத்தில் ஹின்கலின் குரலோசை சிறிது எதிரொலிப்பதும் உண்டு; கூட்டமும் ஹின்கலுக்கு ஆர்ப்பரித்தது போலவே ஆர்ப்பரிக்கிறது. பேச்சைக் கேட்டா, சீருடையைக் கண்டா அவர்கள் ஆர்ப்பரித்தனர்? சப்ளின் அதற்கு விடை தரவில்லை. பிடிபட்ட ஹின்கலுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் படம் மீண்டும் காட்டுவதில்லை.

சப்ளினின் படங்களுள் மிகப் பெரும் வருவாய் தந்தது இதுவே. ஐந்து ஒஸ்கார் பரிசுகளுக்கு முன்மொழியப்பட்டது, ஒன்றும் கிட்டவில்லை. அமெரிக்கா போரில் இறங்கலாகாது என்று வாதித்த செனட் சபை உறுப்பினர் சிலர், போர்ப் பிரசாரம் செய்யும் படங்கள் என்று 1941இல் விசாரணைக்கு எடுத்தவற்றுள் இதுவும் இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கவே விசாரணை நின்றுபோயிற்று. பிற்காலத்தில் அமெரிக்கா சப்ளினுக்கு வேறோர் அடையாளத்தைச் சூட்டியது. பொதுவுடைமைவாதி என்ற ஐயத்தில், 1952இல் அவர் கப்பலேறி லண்டன் சென்றுகொண்டிருந்தபோது, திரும்பி வருவதற்கான அனுமதி இரத்துச் செய்யப்பட்டது. இருபது ஆண்டுகளின் பின், 1972இல், சிறப்பு ஒஸ்கார் பரிசைப் பெறவே அவர் அந்நாட்டில் மீண்டும் கால் வைத்தார்.

ஆனால் பரிசுகளையும் பழிகளையும் விடக் கனமான செய்தி, 1964இல் வெளிவந்த அவர் சுயசரிதையில் இருக்கிறது. ஜேர்மன் வதைமுகாம்களில் உண்மையில் நிகழ்ந்த கொடுமைகளை அன்று அறிந்திருந்தால், இப்படத்தைத் தம்மால் எடுத்திருக்க முடியாது என்றும், நாஜிகளின் கொலைவெறியை வேடிக்கைப் பொருளாக்கியிருக்க முடியாது என்றும் அவர் எழுதினார். படத்தில் வரும் முகாமிற் கைதிகள் வரிசையாய் நடக்கின்றனர், காவலர் கத்துகின்றனர், நாவிதர் கால் மாற்றி வைத்துத் தடுமாறுகிறார், அவ்வளவே. 1940இல் உலகின் கற்பனை அம்மட்டில் நின்றது. அதற்கு மேல் நிகழ்ந்ததை, அறுபது லட்சம் யூதரின் மரணத்தை, அறிந்தபின் அக்காட்சியைக் காண்பவருக்குச் சிரிப்பு தொண்டையிற் சிக்குகிறது. படத்தை எடுத்தவருக்கும் அவ்வாறே சிக்கியது. எடுத்திருக்கலாகாது என்று அவர் சொல்லவில்லை. எடுக்க முடிந்திராது என்றார். இவ்விரண்டுக்கும் வேறுபாடு உண்டு. முழு உண்மை தெரியாத அந்தக் குறுகிய காலத்தில்தான், தெரிந்த அளவையேனும் அஞ்சாமற் சொல்ல ஒருவருக்கு வாய்ப்பிருந்தது.

படத்தின் கடைசிக் காட்சி மேடையில் முடிவதில்லை. ஒஸ்டர்லிச்சுக்குத் தப்பியோடி, ஒரு திராட்சைத் தோட்டத்தில் அமைதி கண்ட ஹன்னாவையும் படையெடுப்பு அங்கே வந்து எட்டிவிட்டது. படையினர் அடித்துத் தள்ள, அவள் மண்ணில் விழுந்து கிடக்கிறாள். நாவிதர் திடீரென்று கூட்டத்தை மறந்து, அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். ஹன்னா என்பது சப்ளினின் தாயார் பெயர். அத்தாயார் இறந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வானொலிக் குரல் வயல்வெளியில் அவள் காதில் விழுகிறது. முன்னொருமுறை வீதியை வெறிச்சோடச் செய்ததும் அதே வகைக் குரல்தான், அதே வகைக் கருவிதான். இப்போது அவள் ஓடவில்லை. பூகோளப் பந்துடன் ஹின்கல் ஆடியபோது ஒலித்த அதே வாக்னர் இசை மறுபடியும் எழுகிறது. ஹிட்லர் பெரிதும் போற்றிய இசையாசிரியரின் இசை அது. சப்ளின் அதையும் அவரிடம் விட்டுவைக்கவில்லை. உடனிருந்த முதியவர், நீ கேட்டாயா என்று வினவுகிறார். கேளுங்கள் என்று அவரைத் தடுத்துவிட்டு, ஹன்னா முகத்தை மேலே உயர்த்துகிறாள்.